தள்ளுபடி என்று எழுதியிருந்தது

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவளிடம் யாரும் கைநாட்டுக் கேட்டதே கிடையாது. தம்பி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸின் நெற்றியில் என்ன ஊர் எழுதியிருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டில் வேளைக்கு எத்தனை மாத்திரை, பொட்டலம் மடித்த காகிதத்தில் என்ன செய்தி, எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். நான் படிக்கும்போது அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்காகவே தெரியாத சொல்லைக்கூடத் தெரிந்ததுபோல் அடித்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததில் என் பங்கும் உண்டு.

உங்களில் அறுபதுகளில் நெய்வேலியில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அந்த ஊரை நான் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. பள்ளிவிட்டு வரும் பிள்ளை தன் வீடென்று நினைத்து அடுத்த தெருவில் எங்கேயோ நுழைந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வேறொரு அம்மா இருப்பதைப் பார்த்து அழும். அந்த அம்மாவும் சோறு போட்டு அனுப்பிவைப்பாள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. திருநெல்வேலிக்காரர், மதுரைக்காரர் வீடு, கோயமுத்தூர் அம்மா என்று ஊரே பெயராக இருந்தது. உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு மட்டும் அப்படியொரு பெயர் வாய்க்கவில்லை. இந்த ஊர்க்காரி என்று அங்கே யாரைத்தான் கூப்பிடுவது?

நாங்கள் குவார்ட்டர்ஸில் இல்லை. கடைசி பிளாக்கும் தாண்டி, முந்திரித் தோப்பு ஆரம்பிக்கும் இடத்தில் பனையோலை வேய்ந்த குடிசைகள் ஒரு வரிசை இருந்தது. அதில் மூன்றாவது எங்களுடையது. அப்பா அதுவரை பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்த நிலங்கள் சுரங்கமான பிறகு கான்ட்ராக்ட் ஆளாக மண் வெட்டப் போனார். சாயங்காலம் திரும்பும்போது அவருடைய புருவம்கூடச் செம்மண்ணாக இருக்கும். மழைக்காலத்தில் குடிசைக்குள் தண்ணீர் வந்துவிடும். தம்பியின் தூளியை உயர்த்திக் கட்டிவிட்டு நாங்கள் மூன்று பேரும் உரல் இருந்த மேட்டில் உட்கார்ந்திருப்போம்.

அம்மா பிளாக்கில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்தாள். அந்தத் தெரு அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் நடத்திய பள்ளி. அதற்குக் காரியதரிசி கோயமுத்தூர் அம்மா. இருபது குழந்தைகள். மூக்குச் சிந்திவிடுவது, கால் கழுவிவிடுவது, பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது, தூங்கவைப்பது எல்லாம் அம்மாதான். குழந்தைகள் அவளை "ஆயா, ஆயா" என்று கூப்பிடும். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயதுகூட இருக்காது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, "கெய்விய கூப்புட்ற மாதிரி கூப்புடுதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

கோயமுத்தூர் அம்மாவுக்கு என்மேல் பிரியம். பொய்யான பிரியம் என்று இன்றுகூட என்னால் சொல்ல முடியாது. வெளுத்த முகம், காதில் பெரிய தோடு, பேச்சில் எப்போதும் ஒரு 'கண்ணு'. அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தையல் மிஷின் இருந்தது. மிஞ்சின துணியில் எனக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்துத் தந்தார்கள். அதில் பச்சைத் துணியில் ஒரு பை. அந்தப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடப்பதற்காகவே நான் தெருவில் சும்மா போய்ச் சும்மா வருவேன்.

தள்ளுபடி என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது பண்ருட்டியில், ஒரு துணிக்கடை வாசலில். தீபாவளிக்கு முந்தின வாரம். வேட்டி அகலத் துணியில் சிவப்பு எழுத்தில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அம்மா தெருவிலேயே நின்று கடையை வேடிக்கை பார்த்தாள். நான் எழுத்துக் கூட்டினேன். தள்-ளு-ப-டி. கடைக்காரரிடம் போய், "தள்ளுபடின்னா இன்னாங்க?" என்று கேட்டதும் நான்தான்.

"கொறைச்சிக் குடுக்கறது பாப்பா. உங்கம்மாவ உள்ள வரச்சொல்லு" என்றார்.

அன்று அம்மாவுக்கு ஊதா நிறத்தில் சிவப்புக் கரை போட்ட கைத்தறிச் சேலை கிடைத்தது. யாரோ எடுத்துக்கொடுத்தது, யாரோ கட்டிக் கழித்தது என்றில்லாமல் அம்மாவே கடையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்து எடுத்த முதல் சேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னாள்: "எம் பொண்ணு மட்டும் படிச்சி சொல்லலன்னா நான் வெளியவே நின்னு பாத்துகினு வந்திருப்பேன்."

அடுத்த கோடையில் பாலர் பள்ளியில் ஒரு பேச்சு வந்தது. ஆயா வேலையை பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். மாதச் சம்பளம். அதைவிட, பள்ளிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை இருந்தது. தளம் போட்ட அறை. பக்கத்திலேயே குழாய். உள்ளே ஒரு பல்பு. ஆயாவாக வருகிறவள் குடும்பத்தோடு அங்கே இருந்துகொள்ளலாம். வேண்டியவர்கள் மனுக் கொடுக்க வேண்டும், அம்மாக்கள் கூடி முடிவு செய்வார்கள் என்றார்கள்.

அம்மாவுக்கு மனுவை எழுதித் தந்ததே கோயமுத்தூர் அம்மாதான். பச்சை மசியில், பூத்தொடுத்த மாதிரி எழுத்து. எழுதி முடித்துவிட்டு அம்மாவின் கட்டை விரலைப் பிடித்து மசியில் ஒற்றி, காகிதத்தில் வைத்து அழுத்தினார்கள். அம்மாவின் முதல் கைநாட்டு அது. வீட்டுக்கு வந்தும் அவள் அந்த விரலைக் கழுவவில்லை. இடது கையால் சோறு வடித்தாள்.

"இந்த வேல உனக்கில்லாம வேற யாருக்கு அம்மணி? ஒரு வருசமா நீதான பாத்துக்கற" என்று கோயமுத்தூர் அம்மா சொன்னதை நானும் கேட்டேன்.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அம்மா முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரி பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியும் முன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். சேலையெல்லாம் முந்திரிப்பழ வாடை அடிக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை, தபால்காரர் சைக்கிளை எங்கள் குடிசை முன் நிறுத்தினார். எங்களுக்கு அதற்கு முன் தபால் வந்ததே இல்லை. கவரை நான் பிரிக்கவில்லை. அப்பா வேலை முடிந்து வரும்வரை, அப்புறம் அம்மா வரும்வரை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதில் இருந்தது ஒரே வரி. 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு தள்ளுபடி செய்யப்படுகிறது.' கீழே காரியதரிசி என்று கையெழுத்து. பச்சை மசி.

பரிசீலிக்கப்பட்டு எனக்கு விளங்கவில்லை. தள்ளுபடி விளங்கியது. பச்சை மசியும் விளங்கியது. அவர்கள் கையால் எழுதினது நல்லதாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

"தள்ளுபடி குடுத்துட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா கூடையை இறக்கினவள் அப்படியே நின்றாள். "நெசமாவா? இன்னொரு வாட்டி படி."

இன்னொரு தரம் படித்தேன். அப்பா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "வேலைக்கு ஆர்டர்னுதான வரும்? தள்ளுபடின்னு வந்துகிது?"

"வரி தள்ளுபடின்னு அன்னிக்கி தமுக்கு போட்டாங்களே, நல்லதுக்குத்தான போட்டாங்க?" என்றாள் அம்மா. "துணிக்கடையில கூட நம்மளுக்கு வுட்டுத்தான குடுத்தாங்க?"

நிலமே இல்லாத அப்பா வரியைப் பற்றி என்ன பேச முடியும்? ஆனாலும் அவர் சந்தேகம் தீரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "நீ போயி அந்தம்மாவையே கேட்டுகினு வா" என்று என்னை அனுப்பினார். அம்மா தன் பங்குக்கு, "அப்டியே ரொம்ப சந்தோசம்னு நான் சொன்னேன்னு சொல்லு. நாளைக்கி வேலைக்கி போவாம நானே வந்து பாக்கறேன்னு சொல்லு. இல்ல வேணாம், தொந்தரவா இருக்கும், பள்ளிக்கூடம் தொறக்கறன்னிக்கி வந்துட்றேன்னு சொல்லு" என்றாள்.

மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். கோயமுத்தூர் அம்மா பின்கட்டில் தைத்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை நீட்டி, நான் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். "தள்ளுபடி குடுத்ததுக்கு எங்கம்மா ரொம்ப சந்தோசம்னு சொல்லச் சொன்னாங்க. பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கி சாமானெல்லாம் எடுத்துகினு வந்துட்றோம்."

மிஷின் சக்கரம் நின்றது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ஊசிக்கு அடியில் இருந்த துணியைப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. அதனால் கேட்டேன்: "தள்ளுபடின்னா நல்லதுதானேம்மா?"

அந்தத் துணியை நீவிவிட்டபடி, "நல்லதுதான் கண்ணு" என்றார்கள். "நல்லதுதான். இரு."

உள்ளே போய் ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு ஒப்பிட்டு வைத்துக் கொண்டுவந்தார்கள். பருப்பும் வெல்லமும் உள்ளே வைத்து நெய்யில் சுட்ட, அவர்கள் ஊர்ப் பலகாரம். "வெய்யில் ஏறுறதுக்குள்ள போ சாமி" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். ஒன்றை வழியிலேயே தின்றேன். இன்னொன்றைத் தம்பிக்கென்று கொண்டுபோய், குடிசைக்குப் பத்தடி இருக்கும்போது அதையும் தின்றுவிட்டேன்.

"நல்லதுதான்னு சொல்லிட்டாங்க" என்றேன். அப்பாவின் நெற்றி விரிந்தது.

அதற்குப் பிறகு இருந்த இரண்டு வாரத்தைப் போல் எங்கள் வீட்டில் வேறு நாட்கள் இருந்ததில்லை. அம்மா அந்த அறையில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று அப்பாவோடு சண்டை போட்டாள். குழாய்த் தண்ணீரில் தினமும் தலைக்குக் குளிப்பேன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தப்பாவுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. இருக்க இடமில்லாமல் பெண் வீட்டில் கிடந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டு, "இந்த வூட்ட நீ வச்சிக்கடா, நாங்க தளம் போட்ட வூட்டுக்கு போறோம்" என்று கொடுத்துவிட்டார்.

பள்ளி திறந்த நாள் திங்கட்கிழமை. அம்மா ஊதாச் சேலையைக் கட்டியிருந்தாள். தலையில் பானை அடுக்கு, இடுப்பில் தம்பி. அப்பா பாய், கோணி மூட்டையோடு. நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டேன். அங்கேதான் பல்பு இருக்கிறதே, இது எதற்கு என்று அப்பாவிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அம்மா நின்று சொன்னாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, வெள்ளைச் சேலையில். கையில் பள்ளியின் பால் தூக்கு. அறைக்குள் கயிற்றில் அவளுடைய துணிகள் காய்ந்தன. அம்மா அவளைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றாள். அதற்குள் குழந்தைகள் நாலு பேர் "ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் தூக்கைப் பிடித்தபடி நின்றாள்.

கோயமுத்தூர் அம்மா தெருவைக் கடந்து வந்தார்கள். மூட்டைகளைப் பார்த்தார்கள்.

"என்ன அம்மணி இது? லெட்டர் வரலியா உனக்கு?"

"வந்துச்சிங்களே. அத்த பாத்துதான் வந்தோம். தள்ளுபடி குடுத்துட்டீங்கன்னு."

"ஐயோ, தள்ளுபடின்னா குடுக்கறது இல்ல. கிடையாதுன்னு அர்த்தம். மனு தள்ளுபடின்னா வேலை இல்லேன்னு அர்த்தம். கமிட்டில எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. இவ எங்க ஊர்ப்பக்கம். புருசன் போயிட்டான், பாவம், போக்கிடம் இல்ல."

அம்மாவின் தலையில் பானை அடுக்கு அப்படியே இருந்தது. அதை இறக்கிவைக்க அவளுக்குத் தோன்றவில்லை. "எம் பொண்ணு வந்து கேட்டாளேங்க. நல்லதுதான்னு சொன்னீங்களாமே."

நான் கோயமுத்தூர் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஏதோ ஒரு காரணம் இருக்கும், அதைச் சொல்வார்கள் என்று.

"எங்கிட்ட எங்க கேட்டா?" என்றார்கள், குழாயைப் பார்த்துக்கொண்டு. "வந்தா. ஒப்பிட்டு குடுத்தேன், தின்னுட்டுப் போயிட்டா. கொழந்தைதானே, என்னத்தையோ நெனச்சுட்டு வந்து சொல்லியிருக்கு."

"நான் கேட்டேம்மா! நல்லதுதான்னு சொன்னாங்கம்மா!"

அம்மா பானை அடுக்கை இறக்கினாள். நிதானமாக, ஒன்றுகூட உடையாமல். தம்பியை அப்பாவிடம் கொடுத்தாள். பிறகு என்னை அறைந்தாள். ஒன்றல்ல. "பொய்யா சொல்ற? பெரியவங்க மேலயா பழி போட்ற? திங்கறதுக்கு போயிட்டு பொய்யா சொல்ற?" ஒப்பிட்டு தின்றது உண்மைதான். தம்பி பங்கையும் சேர்த்துத் தின்றதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. அதனால் அழுகையோடு அழுகையாக எனக்கே ஒரு கணம் குழம்பிப்போயிற்று, நான் கேட்டேனா இல்லையா என்று.

"அடிக்காத அம்மணி, பாவம், விடு" என்று கையைப் பிடித்துத் தடுத்தது கோயமுத்தூர் அம்மாதான்.

கொண்டுவந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினோம். போகும்போது நின்று பேசியவர்கள் வீட்டு வாசல்களில் இருந்தார்கள். சித்தப்பா முகத்தைச் சுளிக்கவில்லை. குடிசைக்கு நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டி இரண்டாக்கிக்கொண்டோம். சித்தி சுளித்தாள்.

அடுத்த வாரம் கோயமுத்தூர் அம்மா ஆள் அனுப்பி அம்மாவைத் தங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டார்கள். அம்மா போனாள். எனக்கு அதுதான் விளங்கவில்லை. அங்கேயிருந்து தினமும் எதையாவது இலையில் கட்டிக்கொண்டு வருவாள். நான் தொடமாட்டேன். "கொழுப்பு" என்பாள். மஞ்சள் கவுனைத் தம்பியின் தூளிக்கு அடியில் போட்டேன். அது அங்கேயே கிழிந்துபோயிற்று.

என்னை அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்க்கவில்லை. "படிச்சி கிழிச்சது போதும்" என்று அம்மா தன்னோடு முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அவளுக்கு மத்தியானம் வரை பாத்திரம், பிறகு கொட்டகை. முந்திரி ஓட்டில் ஒரு பால் உண்டு. பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்க வேண்டும். என் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்தது. வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் அம்மா அதை டீக்கடைக்காரரிடம் எடுத்துப் போவாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வருஷம் கழித்து அப்பாதான், "கை போவுது பொண்ணுக்கு" என்று சொல்லி, அம்மாவைக் கேட்காமலே கொண்டுபோய்ப் பள்ளியில் சேர்த்தார்.

இப்போது யோசித்தால், கோயமுத்தூர் அம்மாவால் அந்த ஒல்லிப் பெண்ணிடமும் இல்லையென்று சொல்ல முடியவில்லை, அம்மாவிடமும் இல்லையென்று சொல்ல முடியவில்லை என்று தெரிகிறது. நடந்து வந்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு எங்களுக்குத் தபால் போட்டார்களே, அதிலிருந்தே தெரிகிறது. முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்வதற்கென்றே சர்க்கார் தமிழில் அப்படியொரு சொல் இருக்கிறது. பின்னாளில் நானே ஒரு தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ காகிதத்தில் அந்தச் சொல்லை எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனு கொடுத்தவர்கள் வந்தால் வெளியே எழுந்து போய், "இல்லைன்னு வந்திருக்குங்க" என்று வாயால் சொல்வேன். ஒரு வருஷம் சொல்லியிருப்பேன். பிறகு வேலை அதிகமாகிவிட்டது, விட்டுவிட்டேன். எல்லாம் புரிகிறது. ஆனாலும் அவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. அவர்கள் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போனபோது அம்மா பஸ் ஏற்றிவிடப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் போகவில்லை.

அம்மா கடைசி நாலு வருஷம் என்னோடுதான் இருந்தாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்டது. ஒரு மத்தியானம், என் பேரன் பள்ளியில் ஏதோ பொய் சொன்னான் என்று என் மருமகள் அவனை அடித்தாள். அவன் அழுகை ஓய்ந்த பிறகு, எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை, நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கி நான் பொய் சொல்லல. அந்தம்மா நல்லதுதான்னு சொன்னாங்க."

அம்மா தட்டு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேளை.

"எனுக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ பொய் சொல்லலன்னு. அந்தம்மா உம் மூஞ்சியவே பாக்கல. எம் மூஞ்சியயும் பாக்கல."

"தெரிஞ்சா பின்ன என்ன ஏம்மா அடிச்ச?"

அம்மா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் கேட்டாள்:

"அவங்கள அடிக்க முடியுமா?"

அன்று அவளுக்குச் சோறு போட எனக்குக் கை எழவில்லை. மருமகளைப் போடச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.